ஐந்து கோடு மின்சாரம்

மைசூர் அக்ரஹாரத்திலிருந்து மாதேஸ்வரன் மலை வழியாக மேட்டூருக்கு, மின்சார சைக்கிளில் மூன்று நாள்.

காலை ஐந்தரை மணிக்கு மைசூர் அக்ரஹாரத்தில் விழித்திருப்பவர்கள் மூன்று வகையினர்: பால்காரர்கள், கோயில் அர்ச்சகர்கள், டாக்டர் சொன்னதால் நடக்கக் கிளம்பிய சர்க்கரைக்காரர்கள். அந்த டிசம்பர் காலையில் நாலாவது வகையாக நான் நின்றிருந்தேன். தலையில் ஹெல்மெட், காதில் மஃப்ளர், கையில் 24 கிலோ எடையுள்ள ஒரு சைக்கிள். எதிர்வீட்டு மாமி வாசல் தெளித்துக்கொண்டே, "மேட்டூருக்கா? இதுலயா? பஸ் இல்லையோ?" என்றார். இருக்கிறது. அதுதான் சிக்கல். பஸ் இருக்கும்போது ஐம்பத்தெட்டு வயதில் ஒருவன் ஏன் சைக்கிளில் போக வேண்டும் என்பதற்கு வாசலில் நின்று சொல்லும்படியான பதில் என்னிடம் இல்லை.

அரண்மனைக்குத் தெற்கே கிடக்கும் இந்தப் பேட்டையில் தியாகராஜர் பெயரில் ஒரு சாலை, ராமானுஜர் பெயரில் ஒரு சாலை. ஓட்டு வீடுகள் குறைந்து, மூன்று மாடிக் கட்டடங்கள் பெருகிவிட்டன. ஆனால் காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை போகவில்லை. தமிழும் போகவில்லை. ஹெப்பார் ஐயங்கார்களும் மண்டயம் ஐயங்கார்களும் பல தலைமுறைகளாக வீட்டுக்குள் பேசிவரும் தமிழ், சென்னைக்காரர்களுக்குப் பாதி புரியாது. கன்னடம் அதில் உப்பு மாதிரி கரைந்திருக்கும். சேலம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கே 22 ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்கு, இப்போது அந்தத் தமிழ்தான் நாக்கில் முதலில் வருகிறது. மேட்டூரில் இருக்கும் பெரியம்மா போனில் அடிக்கடி சொல்வாள்: "கண்ணு, நீ பேசுறது ஒண்ணும் வெளங்கல."

உண்மைக் காரணம் இதயம். 2022ல் எனக்கு ஒரு ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்கு முன்பு ஞாயிறுதோறும் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை சாதாரண சைக்கிளில் போய்வருவேன். அதன்பின் சாமுண்டி மலையைத் தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி. "சைக்கிள் ஓட்டலாம். நாடித்துடிப்பு 120ஐத் தாண்டக் கூடாது" என்றார் டாக்டர். எந்த மேடும் அந்தக் கணக்கை மதிப்பதில்லை. மனைவிதான் மின்சார சைக்கிள் யோசனையைச் சொன்னாள். ரூ. 46,000. "80 கி.மீ. போகும்" என்றார் விற்றவர். பாதியாவது போகும் என்று நான் நினைத்துக்கொண்டேன். இருவருமே முழுக்கச் சரியில்லை என்று பின்னால் தெரிந்தது.

மின்சார சைக்கிள் என்றதும் ஏதோ நேற்று வந்த சங்கதி என்று தோன்றும். அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் பின்சக்கரத்தின் அச்சிலேயே மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை வாங்கியது 1895ல். கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு அது பொம்மையாகவே கிடந்தது. காரணம் பேட்டரியின் எடை. 1993ல் ஜப்பானின் யமாஹா நிறுவனம், மிதித்தால் மட்டும் உதவிக்கு வரும் மோட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு லித்தியம் பேட்டரி வந்தது, கதை மாறியது. இந்தியச் சட்டப்படி மோட்டாரின் திறன் 250 வாட், வேகம் 25 கி.மீ. என்ற எல்லைக்குள் இருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல. பதிவு எண் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். போலீஸ்காரர் நிறுத்தினால் அது என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் நிறுத்துவார்.

இதில் பெரிய தூரம் போனவர்கள் இருக்கிறார்கள். மும்பை ஐ.ஐ.டி.யில் படித்த சுஷில் ரெட்டி 2016ல் சூரியசக்தியில் ஓடும் மின்சார சைக்கிளில் 79 நாட்களில் சுமார் 7,424 கி.மீ. சுற்றி கின்னஸில் இடம்பிடித்தார். 2018ல் 'சன் ட்ரிப்' என்ற பயணத்தில் பிரான்சின் லியோன் நகரிலிருந்து சீனாவின் குவாங்ஜோ வரை சூரியத் தகடுகளைச் சுமந்த சைக்கிள்களில் போனார்கள். ஐரோப்பாவைக் கடந்து ஆசியாவின் உள்நாடுகள் வழியாகச் சுமார் 12,000 கி.மீ. அவர்கள் சூரியனை நம்பினார்கள். எனக்கு அந்தத் தகடுகளை இழுக்கத் தெம்பில்லை. நான் நம்பியது ஓட்டல் முதலாளிகளின் பிளக் பாயின்ட்டை.

கிளம்பும் முன் ஒரு தாளில் கணக்கு போட்டிருந்தேன். பேட்டரி 36 வோல்ட், 14 ஆம்பியர் மணி. அதாவது அரை யூனிட் மின்சாரம், அவ்வளவுதான். சமதரையில் நானும் மிதித்தால் கிலோமீட்டருக்கு எட்டிலிருந்து பத்து வாட் மணி செலவாகும். ஆக 50 முதல் 60 கி.மீ. மேட்டில் இந்தக் கணக்கு உடைகிறது. நானும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து 106 கிலோ. நூறு மீட்டர் உயரம் ஏற, சாலை எவ்வளவு சுற்றினாலும், 29 வாட் மணி புவியீர்ப்புக்குக் கட்டியாக வேண்டிய வரி. மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் நாற்பது. பேட்டரி முழுதாக நிரம்ப ஏழு மணி நேரம். எனவே இந்தப் பயணத்தின் உண்மையான வேகம் மணிக்கு 20 கி.மீ. அல்ல, ஐந்தாறு கி.மீ. மாட்டு வண்டியைவிடக் கொஞ்சம் மேல்.

கைப்பிடி நடுவில் இருக்கும் சின்னத் திரையில் பேட்டரியின் நிலை ஐந்து கோடுகளாகத் தெரியும். மூன்று நாளும் நான் சாலையைவிட அந்தக் கோடுகளைத்தான் அதிகம் பார்த்தேன்.

திருமகூடலு நரசிபுரம் வரை சாலை சுகமானது. கரும்பும் நெல்லும் மாறி மாறி வந்தன. டிசம்பரில் இந்தப் பக்கத்து விவசாயிகள் அறுத்த கேழ்வரகையும் கொள்ளையும் தார்ச்சாலையில் பரப்பிவிடுகிறார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் போரடித்துக் கொடுத்துவிடும். சைக்கிள்காரனுக்கு இது சோதனை. கொள்ளுக்கொடி பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு மோட்டாரின் கம்பியைப் பிடித்து இழுத்தது. இறங்கி உட்கார்ந்து ஒவ்வொரு கொடியாகப் பிடுங்கினேன். களம் காத்துக்கொண்டிருந்த பெண்மணி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அரிவாளோடு வந்து இரண்டே வெட்டில் முடித்தார்.

நரசிபுரத்தில் கபினி வந்து காவிரியோடு சேருகிறது. ஆற்றங்கரைக் கோயிலைத் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு ஓட்டலுக்குள் நுழைந்தேன். நாலு இட்லிக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன், மூலையில் சார்ஜர் செருகியிருந்ததால். "எஷ்டு கிலோமீட்டர் ஓடுத்தே?" என்று சர்வர் கேட்டார். வழியில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி எப்போதும் இதுதான். இரண்டாவது, விலை. மூன்றாவது கேள்வி பெரும்பாலும் கேள்வியாக இருக்காது. "அதுக்கு ஒரு பைக்கே வாங்கியிருக்கலாமே" என்பதாக இருக்கும். தலக்காட்டின் மணலில் புதைந்த கோயில்களைப் பார்க்கத் திரும்பவில்லை. அதற்கு இரண்டு கோடு செலவாகும்.

கொள்ளேகால் சேர்ந்தபோது நடுப்பகல். 65 கி.மீ.க்கு ஒரு கோடு மிச்சம். லாட்ஜ்காரர் சைக்கிளை மாடிக்கு ஏற்ற விடவில்லை. மாடிப்படியின் கீழ் பிளக் கொடுத்தார். "ராத்திரி பூரா ஓடினாலும் எவ்வளவு ஆயிடும்?" என்று கேட்டார். "ரெண்டு, மூணு ரூபாய்" என்றேன். நம்பாமல் சார்ஜரைத் தூக்கி அதன் அடியில் எழுதியிருந்ததைப் படித்தார். பிறகு அவரே தமிழுக்கு மாறிவிட்டார். இந்த ஊரில் இது இயல்பு. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமையும்வரை கொள்ளேகால், சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா. பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். பழைய ஆட்களிடம் பேசினால் கோர்ட் காரியத்துக்குக் கோயம்புத்தூர் போன தாத்தாக்கள் எப்படியும் ஒருவராவது வந்துவிடுவார்.

சைக்கிள் மாடிப்படியின் கீழ் மின்சாரம் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் பஸ் ஏறி, ஆட்டோ பிடித்து, சிவனசமுத்திரம் போனேன். சார்ஜ் ஏறும் ஆறேழு மணி நேரத்தை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது? ஆனால் அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. என் பேட்டரிக்குள் போய்க்கொண்டிருந்த சமாசாரம் இந்த வட்டாரத்தில் பிறந்த இடம் அது. காவிரி இரண்டாகப் பிரிந்து ககனசுக்கி, பரசுக்கி என்று இரண்டு அருவிகளாக விழுகிறது. அந்த வீழ்ச்சியைப் பிடித்து மின்சாரமாக்கும் திட்டத்தை மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் முன்னெடுத்தார். அவர் பாலக்காட்டுத் தமிழர். திட்டத்தை வகுத்தவர் டி லாட்பினியர் என்ற ராணுவப் பொறியாளர். பாதையில்லாத பள்ளத்துக்கு இயந்திரங்களை இறக்க யானைகளையும் மாடுகளையும் பயன்படுத்தினார்கள். 1902 ஜூனில் மின்சாரம் கிளம்பியது. இந்தியாவின் முதல் நீர்மின்சாரம் என்று பலர் சொல்வது தவறு. 1897லேயே டார்ஜிலிங்கில் சின்னதாக ஒன்று ஓடியது. ஆனால் 147 கி.மீ. தூரத்துக்கு, கோலார் தங்கவயல் வரை, கம்பியில் மின்சாரத்தை அனுப்பியது அன்றைக்கு உலகமே திரும்பிப் பார்த்த வேலை. சேஷாத்ரி ஐயர் அதைப் பார்க்கவில்லை. 1901 செப்டம்பரில் இறந்துவிட்டார்.

ஒரு சங்கதி உறுத்துகிறது. தங்கம் தோண்ட 1902ல் போன மின்சாரம், பெங்களூரின் தெருவிளக்குக்கு 1905ல்தான் வந்தது, மைசூருக்கு 1908ல். இன்று ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகளில் மின்னும் மைசூர் அரண்மனைகூட அந்த வரிசையில் நின்று வாங்கியதுதான். தங்கவயல் 2001ல் மூடப்பட்டுவிட்டது. அருவியடி மின்நிலையம் இன்னும் இருக்கிறது.

திரும்பும்போது இருட்டிவிட்டது. ஆற்றின் குறுக்கே ராமசாமி முதலியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய கல்பாலத்தின் தூண்கள் வரிசையாக நின்றன. ஆட்டோக்காரர் நிறுத்தமாட்டேன் என்றார். யானைக்குப் பயமா என்று கேட்டேன். "இல்ல சார், குடிகாரர்களுக்கு" என்றார்.

இரண்டாம் நாள் ஐந்து கோடுகளோடு தொடங்கியது. மாதேஸ்வரன் மலைக்குக் கொள்ளேகாலிலிருந்து எண்பது கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. ஹனூர் வரை மல்பெரித் தோட்டங்கள், அதன் பிறகு மண் சிவந்து வயல் மெலிந்து மலைகள் கிட்டே வந்தன. இந்தச் சாலையில் நான் தனியாக இல்லை. மலைக்கு நடந்துபோகும் பக்தர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். "உகே மாதப்பா" என்று ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். புலிமேல் ஏறி வரும் சாமி மாதேஸ்வரர். பஸ்களில் நிற்க இடமில்லை. 2023 ஜூன் முதல் கர்நாடக அரசு பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஜன்னலுக்கு ஜன்னல் பெண்கள்தான். வேண்டுதல் பாக்கி வைத்திருந்தவர்களெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பிவிட்டதுபோல் இருந்தது.

ஹனூரில் நான்கு கோடு. கௌதள்ளியில் மூன்று. அங்கே மூன்று மணி நேரம் தங்கி மலைக்கு முன்பு வயிறு நிரப்பிக்கொள்வது என் திட்டம். என் வயிறும் சைக்கிளின் வயிறும். சாப்பாட்டுக்கடைக்காரர் நல்ல மனிதர். மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எனக்கு இடம் கொடுத்தார். ஐம்பது நிமிடம் கழித்து மின்விசிறி நின்றது. "இனி மூணு மணிக்குத்தான்" என்றார். மணி பதினொன்று. காத்திருந்தால் மலை ஏறும்போது இருட்டிவிடும். இருட்டினால் அந்தக் காட்டில் சாலை யானையுடையது. காத்திருக்காவிட்டால் மூன்றே கால் கோடு.

மனைவிக்குப் போன் செய்தேன். "பஸ்ஸுல ஏத்திண்டு போங்கோ" என்றாள். சரியான யோசனை. ஆனால் நான் பார்த்த பஸ்களில் ஆளுக்கே இடமில்லை. மினி லாரி ஏதாவது கிடைக்குமா என்று கடைக்காரரும் நானும் அரை மணி நேரம் சாலையில் நின்றோம். கிடைத்த ஒன்றில் ஆடுகள் இருந்தன. பிறகு கிளம்பிவிட்டேன். இப்போது நினைத்தால் அது அசட்டுத்தனம் என்றுதான் படுகிறது. அப்போது அது கணக்கு சரியாக வரும் ஒரு முடிவாகத் தெரிந்தது.

தாளபெட்டாவில் மலை தொடங்குகிறது. இங்கிருந்து நடப்பதைப் பலர் வேண்டுதலாகவே வைத்திருக்கிறார்கள். சாலை ஏறும், திடீரென்று இறங்கும், ஏறிய உயரத்தையெல்லாம் வீணடித்துவிட்டு மறுபடி ஏறும். இந்த இறக்கங்கள்தான் என் கணக்கில் இல்லாதவை. ஒவ்வொரு வளைவிலும் மோட்டார் முனகியது. மூங்கில் புதரும் காய்ந்த புல்லும் இருபுறமும். சாலையில் யானைச் சாணம், ஈரமாக. மணிக்கட்டில் கட்டியிருந்த கருவி 104, 109, 112 என்று காட்டியது. மோட்டாரின் உதவியைக் குறைத்தால் நாடி ஏறியது. கூட்டினால் கோடு இறங்கியது. இரண்டு பேட்டரிகளில் எதைக் காலி செய்வது என்ற கேள்வியோடு எட்டு கி.மீ. போனேன்.

பேட்டரி பற்றி யாரும் சொல்லாத ஒன்றை அங்கே கற்றேன். ஐந்தாவது கோட்டிலிருந்து இரண்டாவது கோடு வரை அது நிதானமாக, மரியாதையாகக் குறையும். மேட்டில் மோட்டார் பலமாக இழுக்கும்போது வோல்ட்டேஜ் சரியும். கடைசிக் கோடு இருப்பதாகக் காட்டும்போதே பேட்டரியின் காவல் சுற்று, "போதும்" என்று கதவை மூடிவிடும். அப்படித்தான் நடந்தது. திரை அணைந்தது. மூன்றே முக்கால் மணி. கோயிலுக்கு இன்னும் நாலைந்து கி.மீ. மோட்டார் இல்லாத மின்சார சைக்கிள் என்பது, மூட்டையோடு சேர்ந்து, 34 கிலோ இரும்பு.

இறங்கித் தள்ளினேன். ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்றேன். 118. நின்றேன். 121. ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை சட்டைப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இருந்தது. வலி இல்லை. பயம்தான். காட்டில் மாலை நேரத்துச் சத்தங்கள் தொடங்கிவிட்டிருந்தன. அக்ரஹாரத்து மாமியின் "பஸ் இல்லையோ?" காதில் ஒலித்தது.

வளைவுக்குக் கீழே "உகே" சத்தம் கேட்டது. தர்மபுரி பக்கத்திலிருந்து வந்த பன்னிரண்டு பேர். மஞ்சள் வேட்டி, வெறுங்கால். "என்னங்கண்ணா, பஞ்சரா?" என்றான் ஒரு பையன். சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றேன். பையன் சிரித்தான். ஆனால் கூட்டத்தில் வயதானவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மொதல்ல தண்ணி குடிங்க" என்றார். மூட்டையை ஒருவர் தலையில் வைத்துக்கொண்டார். சைக்கிளை இரண்டு பையன்கள் முறைவைத்துத் தள்ளினார்கள். நான் வெறுங்கையோடு நடுவில் நடந்தேன். அவர்கள் தாத்தா காலத்திலிருந்து வருடா வருடம் வருகிறார்களாம். வீரப்பன் காலத்தில்கூட நிற்கவில்லையா என்று கேட்டேன். "சாமிக்கு வர்றவங்கள அவன் தொட்டதில்ல. போலீஸ்தான் நிறுத்தி நிறுத்திக் கேக்கும்" என்றார் பெரியவர். இந்த மலையில் அதிரடிப்படை முகாம் இருந்தது. அதில் கிராமத்து மக்களுக்கு நடந்ததாகச் சொல்லப்பட்ட சித்திரவதைகளைத் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. பெரியவர் அதைப் பற்றி மேலே பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஐந்தரைக்கு மலைமேல் இருந்தோம். 2023ல் திறக்கப்பட்ட 108 அடி மாதேஸ்வரர் சிலை, புலிமேல் அமர்ந்து, மாலை வெளிச்சத்தில் தெரிந்தது. பையன்களுக்குப் பணம் கொடுக்கப் போனேன். பெரியவர் என் கையைத் தள்ளிவிட்டு, "உண்டியல்ல போடுங்க" என்றார்.

நான் போய்வந்து ஆறு மாதம் கழித்து, 2025 ஜூனில், இந்த மலையின் ஹூக்யம் சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் செத்துக் கிடந்தன. மாட்டை அடித்த புலியைப் பழிவாங்க, செத்த மாட்டில் விஷம் வைத்துவிட்டார்கள். புலிமேல் வரும் சாமியின் மலையில் ஐந்து புலிகள். செய்தியைப் படித்தபோது என் சைக்கிளைத் தள்ளிய பையன்கள் நினைவுக்கு வந்தார்கள். மாடு வைத்திருப்பவனின் கோபம் அவர்களுக்கு என்னைவிட நன்றாகப் புரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் இறக்கம். மேட்டூர் 45 கி.மீ. பாலாறு வரை மோட்டாரே வேண்டியிருக்கவில்லை. இரண்டு பிரேக்கும் சூடாகி வாடை அடித்தது, நாலு இடத்தில் நின்று ஆறவைத்தேன். பாலாறு ஒரு சின்ன ஆறு, அதன் மேல் ஒரு பாலம். அப்புறம் தமிழ்நாடு. 1993 ஏப்ரல் 9ஆம் தேதி இந்தப் பகுதியில்தான் வீரப்பன் கும்பலின் கண்ணிவெடியில் போலீசாரும் வனத்துறையினரும் அவர்களுக்குத் துணைபோனவர்களுமாக 22 பேர் சிதறினார்கள். அந்த வழக்கில் மரண தண்டனை பெற்ற நால்வருக்கு 2014ல் உச்ச நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது. இன்றைக்குச் சோதனைச் சாவடியில் ஒரு வனக்காவலர் என் பையைத் திறந்து பார்த்தார். சார்ஜரை வெளியே எடுத்து, "இது என்ன, பாமா?" என்று சிரித்தார். பிறகு, "எஷ்டு கிலோமீட்டர் ஓடுத்தே?"

பாலத்தைத் தாண்டியதும் கடைப் பலகைகள் தமிழுக்கு மாறின. பேச்சு முன்பே மாறிவிட்டிருந்தது, அல்லது மாறவே இல்லை. மலையின் இரு பக்கமும் இரண்டு மொழியும் பேசுகிறார்கள். ஆற்றுத் தண்ணீருக்குத்தான் கணக்கு. 2018ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்தது ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. அந்தத் தண்ணீர் வந்து நிற்கும் மேட்டூர் நீர்த்தேக்கம் கோவிந்தபாடி தாண்டியதும் இடப்பக்கம் தெரியத் தொடங்கியது. ஏறக்குறைய நிறைந்திருந்தது. 1934ல் அணை கட்டி முடித்தபோது மூழ்கிய ஊர்களில் பண்ணவாடியும் ஒன்று. தண்ணீர் வற்றும் கோடையில் அங்கே பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே வரும். அன்றைக்கு எதுவும் தெரியவில்லை. பரிசல்கள் மட்டும் மிதந்தன. கொளத்தூரில் மீன் வறுவலோடு சாப்பிட்டேன். சார்ஜ் கேட்கவில்லை. இரண்டு கோடு இருந்தது. போதும்.

சிவனசமுத்திரத்தில் மின்சாரம் கொடுத்த அதே ஆறு மேட்டூரிலும் கொடுக்கிறது. அணையடி நீர்மின் நிலையம் 1937லிருந்து. பக்கத்திலேயே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், 840 மெகாவாட் ஒன்று, 600 மெகாவாட் இன்னொன்று. ஊருக்குள் நுழையும்போது கோபுரம் கோபுரமாக மின்கம்பிகள் தலைக்கு மேல் ரீங்கரித்தன. என் அரை யூனிட் பேட்டரி கடைசிக் கோட்டில் மினுக்கிக்கொண்டிருந்தது.

பெரியம்மாவுக்கு எண்பத்து நாலு வயது. திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். சைக்கிளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். என்னையும் அப்படியே பார்த்தாள். "ஏங்கண்ணு, மிதிக்கறதுன்னா மிதிக்கோணும், ஓட்டறதுன்னா ஓட்டோணும். இதென்ன ரெண்டுங்கெட்டான்?" என்றாள். நெஞ்சில் கை வைத்து, "வலிக்குதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மாதேஸ்வரன் மலை விபூதியை எடுத்துக் கொடுத்தேன். பூசிக்கொண்டு, மிச்சத்தைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சார்ஜரை எடுத்துக்கொண்டு பிளக் பாயின்ட்டைத் தேடினேன். டி.வி.க்குக் கீழே இருந்தது. செருகினேன். சார்ஜரின் விளக்கு எரியவில்லை. சுவிட்சைப் போட்டு அணைத்துப் பார்த்தேன்.

"கரண்டு இல்ல கண்ணு" என்றாள் பெரியம்மா திண்ணையிலிருந்து. "மாசத்துக்கு ஒருக்கா நிறுத்துவாங்கல்ல? இன்னிக்குத்தான் அது. அஞ்சு மணிக்கு வரும். நீ போயி காலு கழுவிட்டு வா."